கறுப்புக் கண்ணாடி விளக்கு

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளில், கடல் கடந்து போன சீமையில், குனோங் ராபாட் என்ற ஊர்ப் பக்கம் ஈயச் சுரங்கத் துரை ஒருத்தரின் பங்களாவில் வீட்டுவேலை செய்தேன். துரைக்குக் கல் பொறுக்குகிற பைத்தியம். அது என்னையும் பிடித்துக்கொண்டது. ஒருநாள் ஓடைக்கரையில் கிடந்த வெள்ளைக் கல்லை முந்தானையில் முடிந்துகொண்டு போய்க் கொடுத்தேன்.

துரை சன்னலையெல்லாம் சாத்திவிட்டு, கறுப்புக் கண்ணாடி போட்ட விளக்கைப் போட்டார். அறை இருட்டாகவே இருந்தது. கல் மட்டும் நீலமாக எரிந்தது. அப்புறம்தான் என்னைக் குனிந்து பார்த்தேன். வெள்ளிக்கிழமை, மஞ்சள் தேய்த்துக் குளித்திருந்தேன். கையெல்லாம் பச்சையும் மஞ்சளுமாகப் பளபளத்தது. மஞ்சள் பூசிய தாலிக்கயிறு நெஞ்சில் நெருப்பாக நெளிந்தது. கல்லில் இருந்த பேய் என் மேல் ஏறிவிட்டது என்று அலறினேன். "இந்த விளக்கில் சில கல்லும் மஞ்சளும் அப்படித்தான் எரியும், ஒன்றுமில்லை" என்று துரை சிரித்தார். நான் பேய் என்று அலறுகிறேன், அந்த மனுசனுக்குச் சிரிப்பு!

பிறகு என் புருசன் காய்ச்சலில் செத்துப்போனார். தாலியைக் கழற்றினார்கள். மஞ்சள் பூசுவதும் அதோடு நின்றது. மறுபடி வேலைக்குப் போனபோது, துரை புதுக் கல் ஒன்றைக் காட்ட விளக்கைப் போட்டார். கல் எரிந்தது. குனிந்து பார்த்தேன். கையும் நெஞ்சும் இருட்டோடு இருட்டாகக் கிடந்தன.