மாமியார் பெயரில் ஓர் இறால்

அலுவலகத்தில் அவளுக்குப் 'பல்லெண்ணி' என்று பட்டப்பெயர். நன்னீர் இறாலின் நெற்றியில் ரம்பம் போல நீட்டிக்கொண்டிருக்கும் கொம்பில் மேலே எத்தனை பல், கீழே எத்தனை பல் என்று உருப்பெருக்கியில் எண்ணி, அது எந்த இனம் என்று சொல்வதுதான் அவள் பிழைப்பு. எதிரில் யாராவது சிரித்தால்கூட முதலில் பல்லைத்தான் எண்ணுவாள் என்று கூட வேலை செய்பவர்கள் கிண்டலடிப்பார்கள். அவளும் மறுத்ததில்லை.

ஓர் ஓடையில் அவளுக்குச் சின்ன உடம்பும் குட்டைக் கிடுக்கிக் கால்களும் கொண்ட செம்மஞ்சள் இறால்கள் கிடைத்தன. கொம்புப் பல் என்னவோ அதே ஓடையின் பழைய நீலக் கிடுக்கி இறாலோடு ஒத்துத்தான் போனது. ஆனால் புது இனம் என்ற ஆசை வந்துவிட்டால் பல்லாவது, கொம்பாவது! போதாக்குறைக்கு, வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல், அதற்கு மாமியார் பெயரையே வைக்கப்போவதாக வீட்டில் சொல்லிவிட்டாள். அதுவரை அவள் வேலையை 'மீன்கடை வேலை' என்று சொல்லிவந்த மாமியார், மறுநாளே தெரு முழுக்கத் தம்பட்டம் அடித்தார். முதன்முறையாக மருமகளுக்குத் தேநீரும் போட்டுக் கொடுத்தார். அது அவளுக்கு ரொம்பப் பிடித்துப்போயிற்று.

ஒப்பிட்டுப் பார்க்க வீட்டுத் தொட்டியில் பழைய இனத்து ஆண் ஒன்றையும் புதியது ஒன்றையும் விட்டிருந்தாள். அவள் வெளியூர் போயிருந்த சமயத்தில் மாமியார் பெரியதைப் பிடித்து வறுத்துவிட்டார்.

"என்ன அத்தை, இப்படிப் பண்ணிட்டீங்க?"

"என் பேர் வைக்கப்போற இறாலை அந்தத் தடியன் மூலையிலேயே முடக்கிப் போட்டிருந்தான். பார்த்துக்கிட்டு சும்மா இருக்கச் சொல்றியா?"

தடியன் ஒழிந்ததும் சின்னவனுக்கு யோகம் அடித்தது. மேல் ஓட்டைக் கழற்றினான், கிடுக்கி நீண்டது. மறுபடி கழற்றினான், நீலமானது. புது இனம் என்று அறிவிக்கும் கட்டுரையை ஆய்விதழுக்கு அனுப்ப வேண்டிய அன்று காலையில் தொட்டியை எட்டிப் பார்த்தாள். வறுபட்டவனே திரும்பி வந்து நின்றான். புது இனமுமில்லை, ஒரு மண்ணுமில்லை. பெரிய ஆணுக்குப் பயந்து வளராமல் ஒடுங்கிக் கிடந்த அதே இனத்து ஆண்தான்.

அனுப்பிவிட்டால் கேட்க ஆளில்லை. வீட்டிலும் மரியாதை நிலைக்கும். கை கணினியில் அனுப்பும் பொத்தான் வரைக்கும் போனது. பல் அப்போதே சொன்னதே, நான்தானே காதில் வாங்கவில்லை என்று தன்னையே திட்டிக்கொண்டு எழுந்துபோய் மாமியாரிடம் உடைத்துச் சொன்னாள்.

"அப்ப என் பேரு?"

"வைக்க முடியாது அத்தை. அதுக்கு ஏற்கெனவே பேர் இருக்கு."

"தெருவுல நான் எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு நடப்பேன்?"

அன்றோடு பேச்சும் நின்றது, தேநீரும் நின்றது. அவளுக்கு அழுகை வந்தது.

பிறகு வேறு தொட்டிகளிலும் பெரிய ஆணை எடுத்துப் பார்த்தாள், வறுக்காமல். எல்லாவற்றிலும் அதே கூத்து. அதையே கட்டுரையாக எழுதினாள். அச்சாகி வந்ததும் கடைசிப் பக்கத்தை மாமியாரிடம் வாசித்துக் காட்டினாள். பெரிய ஆணைத் தொட்டியிலிருந்து முதலில் அகற்றி இந்த ஆய்வுக்கு வழிகாட்டியவர் என்று மாமியாரின் பெயர் முழுசாக இருந்தது.

மாமியார் அவள் பக்கம் முகத்தைத் திருப்பாமலே கேட்டார்.

"எப்படி அகற்றினேன்னு எழுதியிருக்கியா?"

"இல்ல அத்தை."

"நல்லவேளை. உப்பு கொஞ்சம் கூடிப்போச்சு."

அந்தப் பக்கத்தை அவள் கையிலிருந்து வாங்கிக்கொண்டு, செருப்பை மாட்டித் தெருவில் இறங்கினார்.