பூட்டிக்கொண்டே இருந்த கோப்பு

மூதூர்ப் படகுக்கு ரிக்கற் கொடுக்கும் எங்கள் கந்தோரில், யுத்த காலத்தில் கணினிகளைப் பார்த்துக்கொண்டவர் அவர். மெலிந்த மனிதர். மூக்குக் கண்ணாடியின் ஒரு காதை நூலால் கட்டியிருப்பார். கதிரையில் இருந்ததும் முதல் வேலையாக அடையாள அட்டையை எடுத்துக் கீபோர்ட்டுக்குப் பக்கத்தில் வைத்துவிடுவார், அங்கேயும் யாரோ கேட்கப்போவதுபோல.

எனக்கும் அவருக்கும் தீராத சண்டை. பயணிகளின் பெயர்க் கோப்பை அவரைத் தவிர யாராலும் திறக்க முடியாது. நான் கத்தினால் எனக்கும் அனுமதி தருவார். ஆனால் சேர்வரில் அவர் எழுதி வைத்திருந்த ஸ்கிரிப்ட், ஒரு சின்ன நிரல், மணிக்கொரு தடவை தானாக ஓடி, அனுமதிகளைப் பழையபடி மாற்றிவிடும். கோப்பு மறுபடி பூட்டிக்கொள்ளும்.

ஒருநாள் சோதனைச்சாவடியில் அவரை மறித்து வைத்துவிட்டார்கள். பெயர்களைச் சரிபார்க்க வழியில்லாமல் படகு நின்றது. வெயிலில் நின்ற சனம் என்னை ஏசித் தீர்த்தது. மத்தியானம் வந்து சேர்ந்தவர்மேல் பாய்ந்தேன்.

"ஸ்கிரிப்டில என்ர பேரையும் போட்டு விடுங்கோவன். ஒரு வரிதானே?"

"ஓம், ஒரு வரிதான்," என்றார், அட்டையை எடுத்து வைத்தபடி. "நாளைக்கு விசாரிக்க வாறவங்கள், இந்தப் பேருகளை ஆர் ஆர் பாக்கிறது எண்டு கேட்டா, அந்த வரியைத்தான் காட்டோணும். இப்ப நான் ஒராள்தான். கொண்டுபோனாலும் என்னோட முடியும்."

"அதுக்காகச் சனம் வெயில்ல காயிறதோ?"

அவர் கீபோர்ட் பக்கம் திரும்பினார். கோப்பைத் திறந்துவிட்டார். அடுத்த மணிக்கு அது பூட்டிக்கொண்டது. நான் மறுபடியும் கத்தினேன்.

என்னைக் காப்பாற்றும்படி நான் அவரிடம் கேட்டதேயில்லை. கேட்காமலே காப்பாற்றிய மனிதர்மேல் வந்த கோபத்தை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது என்று இன்றுவரை தெரியவில்லை.