சிவப்பு ஏறாத கார்

தெருவில் அவளுக்குப் பல்லுக்காரம்மா என்று பெயர். பல் டாக்டர்கள் அச்செடுத்து அனுப்பும் வாய்களுக்குச் செட்டுப் பல் செய்யும் பட்டறையில் வேலை. இந்தத் தெருவில் பாதிப் பேர் அக்கா செய்த பல்லால்தான் சிரிக்கிறார்கள் என்று அவளுடைய தம்பி சொல்வார். மீதிப் பேர் அக்காவின் வாய்க்குப் பயந்து சொந்தப் பல்லைக் கடித்துக்கொண்டு போகிறார்கள் என்றும் சேர்த்துக்கொள்வார்.

வீட்டுக்கு வந்தால் வேறு வேலை. கடையில் விற்கும் பிளாஸ்டிக் கார் கிட்டுகளை வாங்கி, வெட்டி ஒட்டி, டிராக் ரேஸ் கார்களாக மாற்றுவாள். டிராக் ரேஸ் என்றால் வளைவு கிடையாது. நேர்ச் சாலை, இரண்டு கார், ஒரு பச்சை விளக்கு. பார்க்க வந்தவர் தும்மினால் போட்டி முடிந்திருக்கும்.

பெட்டிக்குள் இருப்பது ஆபீஸுக்குப் போய்வருகிற சாதுவான கார். அம்மா அதன் பின்சக்கர வளைவுகளை ரம்பத்தால் அறுத்துப் பெரிதாக்குவாள். பின் அச்சைக் குறுக்கி, அகல டயர்களை உள்ளே தள்ளுவாள். பின் சீட்டைப் பிடுங்கி எறிந்துவிட்டு பிளாஸ்டிக் குச்சிகளை வளைத்து இரும்புக் கூண்டு கட்டுவாள். பழைய இயர்போனைப் பிரித்து முடி போன்ற செம்புக் கம்பியை உருவி, இன்ஜினின் ஸ்பார்க் பிளக்குக்கு ஒன்றாக இழுப்பாள். கிட்டில் வரும் சக்கரம் பிடிக்காவிட்டால் பல் மெழுகில் செதுக்கி, அச்செடுத்து, செட்டுப் பல் மாவில் வார்த்துவிடுவாள். அந்தச் சக்கரங்களும் எதிர்வீட்டு வாத்தியாரின் கடைவாய்ப் பல்லும் ஒரே டப்பாவிலிருந்து வந்தவை. வாத்தியாருக்கு அது தெரியாது.

அவளுக்கு இந்தப் பைத்தியம் பிடித்தது புருஷனால். மகள் பிறப்பதற்கு முன், ஞாயிற்றுக்கிழமைகளில், கைவிடப்பட்ட விமான ஓடுதளத்தில் அப்பா கார் ஓட்டினார். புறப்படுமுன் டயரைச் சூடாக்க ஒரே இடத்தில் சுழற்றிப் புகை கிளப்பி முன்னால் போவார்கள். பிறகு தரையில் பதிந்த தன் கறுப்புத் தடத்தின் மேலேயே பின்னோக்கி வந்து கோட்டில் நிற்க வேண்டும். ஓட்டுகிறவருக்குப் பின்னால் ஒன்றும் தெரியாது. காருக்கு முன்னால் நின்று கையாலேயே அவரைத் தடத்தில் ஏற்றியவள் அம்மா. கொஞ்சம் இடது, வா, வா, முஷ்டியை மூடினால் நில். "எங்க மாமா யார் பேச்சையும் கேக்க மாட்டாரு, அந்தக் கைய மட்டும் கேப்பாரு" என்பார் தம்பி. இதைச் சொல்கிற தம்பி மகளுக்குத் தாய்மாமா. டாக்ஸி ஓட்டுகிறார்.

அந்தக் காருக்குச் சிவப்பு அடித்தது தானே என்று மாமா ஊரெல்லாம் சொல்லியிருக்கிறார். இன்ஜின் ஏற்றுவதற்கு முன்பே கொட்டகையில் வைத்து அடித்தாராம். செருப்பில்லாமல் நின்றதால் கால் விரல்கள் சிவந்துபோய், கல்யாணப் பெண்ணா நீ என்று அப்பா கேலி செய்தாராம்.

அத்தனை வேகமாகப் போன மனிதர் கடைசியில் சலூன் நாற்காலியில், பாதி ஷேவோடு, உட்கார்ந்த வாக்கில் போய்ச் சேர்ந்தார். கார் அதற்கு முன்பே பழைய இரும்புக்குப் போயிருந்தது. மிஞ்சியது ஒரு போட்டோ.

எத்தனையோ கார் செய்தவள் அந்த ஒரு காரை மட்டும் தொடவில்லை. கேட்டால், பண்ணலாம், எங்க ஓடிப்போகுது என்பாள். இருமல் ஆரம்பித்து, டாக்டர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு மகளை மட்டும் உள்ளே கூப்பிட்ட வாரம், அம்மா இரண்டு கிட்டுகளை வாங்கிவந்து மேஜையில் வைத்தாள். அந்தக் காருக்கு ஒன்றின் உடம்பு, மற்றதன் இன்ஜின்.

நுரையீரலில் இருந்தது பட்டறைத் தூள். உலோகமும் பல்லும் தேய்க்கும்போது பறப்பது. மகள் வாயுத் தொழிற்சாலையில் பாதுகாப்பு இன்ஜினியர். பட்டறைக்குப் போய்ப் பார்த்தாள். தூளை இழுக்கும் விசிறி ஒவ்வொரு மேஜைக்கும் இருந்தது. போட்டால் எல்லாம் வேலை செய்தன. ஒன்றும் ஓடவில்லை.

ஏன் என்று வீட்டுக்கு வந்து கேட்டாள்.

"அது ஓடினா ஒருத்தி சொல்ற ஜோக்கு இன்னொருத்திக்குக் கேக்காது" என்றாள் அம்மா.

மகள் யாரைத் திட்டுவாள்?

காரின் உடம்பு தயாராகி, அம்மா பால்கனியில் வைத்துச் சிவப்புக்கு அடியில் போகும் சாம்பல் நிற பிரைமர் அடித்துக் காயவைத்த மறுநாள் வீட்டுக்கு ஆக்சிஜன் மெஷின் வந்தது. அன்றே மகள் பெயின்ட், தின்னர், பசை எல்லாவற்றையும் வாரி மாடியில் வைத்துப் பூட்டினாள். ஆக்சிஜன் தானாக எரியாது, ஆனால் ஒரு பொறியைப் பந்தம் ஆக்கிவிடும். உடையில், தலைமுடியில் எல்லாம் ஊறி நிற்கும். தவிர, மிச்சமிருந்த நுரையீரல் பெயின்ட் ஆவியைத் தாங்காது. இரண்டையும் அம்மாவிடம் விளக்கினாள்.

"பால்கனிக்குப் போய் அடிக்கிறேன்."

"குழாயக் கழட்டிட்டு அது வரைக்கும் நடந்து காட்டு."

அம்மா மூக்குக் குழாயைக் கழற்றி வைத்துவிட்டு நடந்தாள். பால்கனிக் கதவைத் தொடுமுன் சுவரைப் பிடித்துக்கொண்டாள். உதடு நீலமானது. மகள் தாங்கிக் கூட்டிவந்து குழாயை மாட்டினாள். பேச மூச்சு வந்ததும் அம்மா, "கதவைத் தள்ளி வச்சிட்டாங்க போல" என்றாள்.

தண்ணீரில் கரையும் பெயின்டைத் தூரிகையால் அடிக்கலாமே என்றாள் மகள். அந்த அளவுக் காரில் ஒரு தூரிகைக் கோடு, நிஜக் காரில் விரல் தடிமன் வரும் என்று அம்மா சொன்னாள். மகளுக்குக் கணக்கு புரிந்தது. சரி, நான் மாடியில் வைத்து ஸ்ப்ரே அடித்துத் தருகிறேன் என்று, வேண்டாமென்று ஒதுக்கிய ஒரு பானெட்டில் அடித்துக் கொண்டுவந்தாள். ஓரங்களில் பெயின்ட் வழிந்து உருண்டு நின்றது. அம்மா அதை ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"ஏன்டீ, கார் அழுதுட்டிருக்கு."

மாமா சிரித்தார். மகளும் சிரித்துவிட்டாள். பிறகு அம்மா, அடுத்தவர் கை பட்ட சிவப்பைத் தன் காரில் ஏற்ற முடியாது என்று சொல்லிவிட்டாள். அதில் சிரிப்பில்லை. அந்தச் சிவப்பைப் பார்த்துவிட்டுப் போக வேண்டும் என்பது ஒன்றுதான் அவளுக்கு மிச்சமிருந்த ஆசை. மூவருக்கும் அது தெரியும்.

அடுத்த வாரம் மாமா பழப் பைக்குள் ஒரு சிவப்பு ஸ்ப்ரே டப்பாவை ஒளித்துக் கொண்டுவந்தார். பை தரையில் பட்டதும் உள்ளே பெயின்ட் கலக்கும் குண்டு உருளும் சத்தம் கேட்டது. மகள் பையைத் திறந்து எடுத்தாள்.

"நீங்களுமா மாமா?"

"ஒரு தடவதானே, இன்ஜினியரம்மா. மெஷின அணைச்சிட்டு, நான் தூக்கிட்டுப் போய் பால்கனில உக்கார வைக்கிறேன்."

"அடிச்சு முடிக்கிற வரைக்கும் மூச்சு யார் விடுவா, நீங்களா?"

அம்மா கட்டிலிலிருந்து டப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். பெற்ற பெண்ணிடம் அவள் அதுவரை எதையும் கெஞ்சியதில்லை. அன்றும் கெஞ்சவில்லை. மகள் டப்பாவை மாடிக்குக் கொண்டுபோய்ப் பூட்டிவிட்டு, அங்கேயே படிக்கட்டில் கொஞ்சநேரம் உட்கார்ந்திருந்தாள். செய்தது சரி. எந்தப் புத்தகத்தைப் புரட்டினாலும் சரி.

கீழே வந்தபோது அம்மா சாம்பல் நிறக் காரை மடியில் வைத்திருந்தாள்.

"யோசிச்சுப் பாத்தா இதுதான் சரி. மொத நாள் வண்டி இந்தக் கலர்லதான் ஓடிச்சு."

"போட்டோல சிவப்பா இருக்கேம்மா."

"அது அப்புறம் அடிச்சது. மொத நாள் பிரைமரோடதான் எறக்கினோம். அங்க வர்ற வண்டி பாதி அப்படித்தான் வரும். இன்ஜின் முடிஞ்சிடும், கலர் முடியாது."

கடைசியில் சொன்னது உண்மைதான். பெயின்ட் காணாமலே ஓட வந்த கார்களை அம்மா எத்தனையோ செய்திருக்கிறாள். மகள் மாமாவைப் பார்த்தாள். மாமா குனிந்து தன் கால் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப சரிம்மா" என்றாள் மகள்.

அதன்பின் அம்மா ஒரு நாளும் சிவப்பைப் பற்றிப் பேசவில்லை. அந்தக் காரைச் சாம்பல் நிறக் காராகவே முடித்தாள். அழுக்குக்குத் தூரிகை போதும். கறுப்பைத் தண்ணீரில் கரைத்து, பின்சக்கரங்களுக்குப் பின்னால் ரப்பர் தெறித்த கோடுகளை இழுத்தாள். ஓரங்களில் பென்சில் கரியைத் தேய்த்து, பெயின்ட் தேய்ந்து தகடு தெரிவது போலாக்கினாள். பானெட்டைத் தூக்குகிற இடத்தில் கறுப்பைத் தொட்டு, தன் கட்டைவிரல் நுனியை லேசாக ஒற்றி எடுத்தாள். இரண்டு கோடு இழுத்தால் அரைநாள் படுக்க வேண்டியிருந்தது.

முடிந்த அன்று பேச மூச்சில்லை. கட்டிலுக்கு எதிரே இருந்த அலமாரியைக் கண்ணால் காட்டினாள். மகள் காரைப் பின்பக்கமாக உள்ளே தள்ளி வைக்கப் போனாள். அம்மா இரண்டு கைகளையும் மார்புக்கு முன் தூக்கினாள். கொஞ்சம் இடது. வா. இன்னும். வா. வலது விரல் ஒன்று மட்டும் அசைந்தது. மகள் ஒரு நூல் நகர்த்தினாள். முஷ்டி மூடியது.

நில்.

மகள் காரிலிருந்து கையை எடுத்தாள். அம்மா முஷ்டியை மூடியபடியே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த வாரமே போய்விட்டாள்.

மெஷின் கொடுத்த கம்பெனியிலிருந்து ஆள் வந்து, குழாயைச் சுருட்டி, மெஷினைத் தூக்கிக்கொண்டு போனார். வீடு திடீரென்று சத்தமில்லாமல் ஆனது. மாமா சோபாவில் உட்கார்ந்திருந்தார். அலமாரியைக் காட்டிச் சொன்னார்:

"இனிமே அடிக்கலாமே. இப்ப என்ன ஆபத்து?"

மகள் மாடிக்குப் போய்ப் பூட்டைத் திறந்தாள். ஒரு கையில் டப்பாவும் ஒரு கையில் காருமாகப் பால்கனிக்கு வந்தாள். டப்பாவைக் குலுக்கினாள். உள்ளே குண்டு உருண்டது. மூடியைக் கழற்றிவிட்டு, காரை வெயிலில் திருப்பினாள். பானெட் ஓரத்தில் கட்டைவிரல் அழுக்கு இருந்தது. ரேகை கூடத் தெரிந்தது.

காரை உள்ளே கொண்டுபோய் அலமாரியில் பழைய இடத்திலேயே வைத்தாள். இந்தமுறை கை காட்ட ஆளில்லை. கண்ணால் பார்த்து நிறுத்தினாள்.

அழுத்தம் உள்ள டப்பாவை நிறைந்தபடியே குப்பையில் போடக்கூடாது. வெயிலில் வெடிக்கும். காலி செய்துதான் போட வேண்டும். மகள் பால்கனியில் ஒரு பழைய அட்டையைச் சாய்த்து நிறுத்தினாள். ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம்வரை, பிறகு திரும்பவும், விரலை எடுக்காமல் அடித்துக்கொண்டே போனாள். மாமா பின்னால் வந்து நின்றார்.

"இதே கலருதான்" என்றார்.

பெயின்ட் வழியவில்லை. ஒரே சீராக ஏறியது. டப்பா தீர்ந்து வெறும் காற்று வரும்வரை அடித்தாள்.