ஏரியில் எடுத்த அபிஷேக நீர்

மாகறல் ஈசனின் அபிஷேகத்துக்கு நீர் எடுக்க, காஞ்சிபுரத்திலிருந்து போகும் வழியில் ஓர் ஏரியில் இறங்குகிறேன். வடிகட்டக் குடத்தின் வாயில் கட்டிய பட்டுத் துணியில் டீசல் படிகிறது. பக்கத்தில் நிற்கும் உல்லாசப் படகின் இன்ஜின் ஒழுகுகிறது.

"எங்க தெருவுல சாயத் தண்ணிய அப்படியே விட்டா பட்டறைக்குப் பூட்டு போடறாங்க. உனக்குச் சட்டம் இல்லையாப்பா?" என்று படகுக்காரரிடம் கேட்கிறேன்.

"உல்லாசப் படகுக்கு விலக்கு இருக்குதும்மா. ஓரமா மொண்டுக்கோங்க."

"இதுல நீ குளிப்பியா?"

"நானா? வீட்டுல போர் தண்ணி இருக்குதே!"

"நீ குளிக்காத தண்ணியில எங்க ஈசன் குளிக்கணுமா?"

அவர் சிரிக்கிறார். நான் படகில் ஏறிக் குடத்தோடு உட்கார்ந்துவிடுகிறேன். ஒழுகலை அடைக்கும்வரை இறங்குவதாக இல்லை. சவாரிக்கு நிற்பவர்கள் முணுமுணுக்கிறார்கள்.

"எழுந்திருங்கம்மா," என்கிறார் கடைசியில். "ஸ்பேனர் நீங்க உக்காந்துக்கினு இருக்கிற பலகைக்கு அடியிலதான் இருக்குது."