பையில் மிஞ்சிய சங்கிலி

ஆறரை மணி நாடகம் தொடங்க முக்கால் மணி நேரம் இருந்தது. பாண்டிச்செல்வி மேடை ஓரத்தில் கிடந்த சங்கிலிப் பையை மடித்து வைக்கலாம் என்று தூக்கினாள். உள்ளே ஏதோ கலகலத்தது. கையை விட்டுப் பார்த்தாள். ஒரு சங்கிலி.

ஒன்றுகூட மிஞ்சக் கூடாத பை அது.

மேடைக்கு மேலே குறுக்காக ஓடும் இரும்புக் குழாய்களில் முப்பத்திரண்டு விளக்குகள் தொங்கின. ஒவ்வொன்றும் ஏழெட்டுக் கிலோ தேறும். கொக்கியையும் போல்ட்டையும் மட்டும் நம்பிவிடக் கூடாது என்று, ஒவ்வொரு விளக்கையும் குழாயோடு சேர்த்துச் சின்னச் சங்கிலி ஒன்றால் பூட்டுவார்கள். கொக்கி கழன்றாலும் சங்கிலி தாங்கும். காலையில் முப்பத்திரண்டு சங்கிலிகளை எண்ணிப் பையில் போட்டவள் அவள்தான். எல்லாம் மேலே ஏறி மதியம் பை காலியானதையும் அவளே பார்த்திருந்தாள்.

"அழகண்ணே, இதை யாரு பையில போட்டது?"

ஏணியைச் சாய்த்துக் கட்டிக்கொண்டிருந்த அழகுபாண்டி எட்டிப் பார்த்தார். ஐம்பது வயதுக்காரர், அவளிடம் வேலை பார்ப்பவர். "நான் போடலத்தா. நீதான மத்தியானம் பையை உதறிக் காட்டுன?"

பாண்டிச்செல்விக்கு முப்பத்தொன்பது வயது. ஊர் அவனியாபுரம். அம்மாவும் அப்பாவும் அடுத்தவர் வயலில் கூலிக்குப் போனவர்கள். ஐ.டி.ஐ.யில் எலக்ட்ரீஷியன் வகுப்பில் அவள் ஒருத்திதான் பெண். கல்யாண மண்டபங்களில் சீரியல் செட் கட்டத் தொடங்கியவள், இப்போது மதுரைப் பக்கம் நாடகம் என்றால் தேடி வந்து கூப்பிடும் லைட் மாஸ்டர். யார் முகத்தில் என்ன நிறத்தில் ஒளி விழ வேண்டும் என்று வரைந்து கொடுப்பது வேறொருவர். எந்த விளக்கை எந்தக் கரண்ட் லைனில் போடுவது, எந்த ஒயர் எம்புட்டுத் தாங்கும், எர்த் சரியாக இருக்கிறதா, யார் ஏணி ஏறுவது, அப்போது கீழே யார் நிற்கக் கூடாது, இதெல்லாம் அவள் பொறுப்பு. "வெளிச்சம் நல்லாருந்தா பேரு அவங்களுக்கு. எதாச்சும் விழுந்தா பேரு எனக்கு" என்பாள் புருஷனிடம்.

ஒரு முறை விழுந்தும் இருக்கிறது. எட்டு வருஷத்துக்கு முன்னால், வேறொரு மாஸ்டரிடம் அவள் வேலை பார்த்தபோது, ஒத்திகையில் ஒரு விளக்கு நேராக வந்து ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இரண்டாகப் பிளந்தது. அதில் இருந்தவர் அப்போதுதான் டீ குடிக்க எழுந்து போயிருந்தார். அன்றிலிருந்து அவளுக்கு எதையும் எண்ணாமல் இருக்க முடியாது. "விட்டா வீட்டு டம்ளருக்கும் சங்கிலி போட்டுருவா" என்று ஷேர் ஆட்டோ ஓட்டும் அவள் புருஷன் சிவபாண்டி பயணிகளிடமே சொல்லிச் சிரிப்பான்.

அண்ணாந்து பார்த்தாள். முன் குழாய் முழுக்க மல்லிகைச் சரம். நாடகத்தை நடத்தும் கோச்சடைச் சபாவுக்கு இது இருபத்தைந்தாவது வருஷம். செயலாளர் ஜனகராஜ் பூவுக்குச் சொல்லியிருந்தார். விளக்குக்காரர்கள் சாப்பிடப் போன நேரத்தில் பூக்காரர்கள் வந்து கட்டிவிட்டுப் போய்விட்டார்கள். சரத்தைச் சுற்ற இடைஞ்சலாக இருந்த சங்கிலியைக் கழற்றி, தொலைந்துவிடக் கூடாதே என்று மரியாதையாகப் பையிலும் போட்டிருக்கிறார்கள்.

முன் குழாயில் பன்னிரண்டு விளக்குகள். கீழேயிருந்து பூதான் தெரிந்தது, சங்கிலி தெரியவில்லை. முதல் காட்சியில் நடிகை கனகா அதற்கு நேர் கீழேதான் பத்து நிமிஷம் உட்கார்ந்து பேசுவாள்.

"அண்ணே, ஏணி வேணும். பூவைப் பிரிக்கணும்."

ஜனகராஜ் வேட்டியைப் பிடித்தபடி ஓடி வந்தார். "என்னம்மா இது? ஜனங்க வந்து உக்காந்தாச்சு. விருந்தினர் வாசல்ல நிக்கிறாரு."

"திரை மூடித்தான இருக்கு சார்."

"காலையிலேர்ந்து அங்கதான தொங்குது? இப்ப மட்டும் விழுந்துருமா?"

"விழாதுன்னு என்னால சொல்ல முடியல சார்." பியூஸ் கட்டையை ஏற்கெனவே பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டிருந்தாள். மேலே ஆள் இருக்கும்போது கீழே எவரும் தவறிக் கரண்ட் கொடுத்துவிடக் கூடாது என்பதற்காக அவள் வைத்திருக்கும் வழக்கம் அது.

அவளே ஏணியில் ஏறினாள். முதல் விளக்கு, சங்கிலி இருந்தது. இரண்டாவதிலும் இருந்தது. ஈரப் பூ கொத்துக் கொத்தாக அழகுபாண்டியின் தலையில் விழுந்தது. "என் கல்யாணத்துலகூட இம்புட்டுப் பூ போடல" என்றார் அவர். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

ஐந்தாவதில் சங்கிலி இல்லை. பூவுக்கு இடம் விட விளக்கையே திருப்பியிருந்தார்கள். அதற்காகத் தளர்த்திய போல்ட், கடைசி இரண்டு மரைச் சுற்றில் மட்டும் தொற்றிக்கொண்டிருந்தது. குனிந்து பார்த்தாள். நேர் கீழே கனகாவின் நாற்காலி.

போல்ட்டை முறுக்கிச் சங்கிலியைப் பூட்டி இறங்கியதும் பூக்காரன் முத்துக்குமரனுக்கு போன் போட்டாள். அந்தப் பக்கம் திருப்பரங்குன்றத்தில் ஏதோ கல்யாண மேளம்.

"எத்தனை சங்கிலி தம்பி கழட்டுனீங்க?"

"ஒண்ணுதான்க்கா. பையில போட்டேனே."

"ஒண்ணுதானா?"

"ஒண்ணுதான்னு நெனைக்கிறேன்."

"அப்புறம் என்னம்மா? ஒண்ணு மிஞ்சுச்சு, ஒண்ணை மாட்டியாச்சு" என்றார் ஜனகராஜ். அவர் சொன்னதில் தப்பில்லை. மணி ஆறரை தாண்டிவிட்டது. அவள் பியூஸ் கட்டையைச் செருகினாள்.

திரை விலகியது. ஐந்தாவது விளக்கைப் பழைய கோணத்துக்குத் திருப்ப நேரம் இருக்கவில்லை. கனகாவின் முகம் பாதி இருட்டில் கிடந்தது. இருபது வருஷமாக நடிப்பவள். முகத்தில் விளக்கின் சூடு படவில்லை என்பதை உணர்ந்தவள்போல, வசனத்தை விடாமல் நாற்காலியை வலப்பக்கம் இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

ஒன்பதாவது விளக்கின் கீழே.

பாண்டிச்செல்விக்கு அப்போதுதான் உறைத்தது. ஐந்தாவதோடு இறங்கிவிட்டோம். மீதி ஏழை ஏறிப் பார்க்கவேயில்லை. இரண்டு கழற்றி, ஒன்றைப் பையிலும் மற்றதைப் பூக்கூடையிலும் போட்டிருந்தால்? 'நெனைக்கிறேன்' என்றுதானே சொன்னான். பக்கத் திரையைப் பிடித்துக்கொண்டு, கண்ணை அந்த ஒரு விளக்கிலிருந்து எடுக்காமல் நின்றாள். கனகா அழுதாள், சிரித்தாள், பாடினாள். ஒரு வார்த்தையும் இவள் காதில் விழவில்லை. பத்து நிமிஷக் காட்சி அன்று பன்னிரண்டு நிமிஷம் ஓடியது.

இடைவேளையில் திரை மூடியதும் பியூஸ் கட்டையைப் பிடுங்கிக்கொண்டு ஏணியில் இருந்தாள். ஆறு, ஏழு, எட்டு. ஒன்பதாவதில் சங்கிலி இருந்தது, போல்ட்டும் இறுக்கம். இழுத்துப் பார்த்தாள். மறுபடி இழுத்துப் பார்த்தாள். பன்னிரண்டு வரைக்கும் சரியாகவே இருந்தது.

கீழே ஜனகராஜ் டீ டம்ளரோடு நின்றார். "எல்லாம் சரியாத்தான இருந்துச்சு?"

"ஆமா சார்."

"அப்ப சும்மாதான ஏறுன?"

"ஏறுனதுக்கப்புறந்தான சார் அது தெரியுது." டம்ளரை வாங்கிக்கொண்டாள்.

கனகா முகத்தை ஒற்றிக்கொண்டே வந்தாள். "செல்வி, அந்த எடத்துல வெளிச்சமே இல்ல. அதான் நகந்துட்டேன். கோவமா?"

"கோவமெல்லாம் இல்லக்கா. அடுத்து எங்க உக்காருவீங்கன்னு மட்டும் இப்பவே சொல்லிருங்க."

கனகா சிரித்துவிட்டு, காலால் நாற்காலியை ஐந்தாவது விளக்கின் கீழே தள்ளிக் காட்டினாள். பாண்டிச்செல்வி டம்ளரை அப்படியே வைத்துவிட்டு, அந்த விளக்கின் கோணத்தைத் திருப்ப மறுபடியும் ஏணியில் கால் வைத்தாள்.

"அக்கா, கொஞ்சம் தள்ளி நில்லுங்க" என்றாள்.