எம்.எல்.ஏ. கூச்சப்பட்ட வார்த்தை

சுனாமிக்குக் கொஞ்சம் முன்னால் நடந்தது இது. அப்போது நாங்கள் கல்பாக்கத்தில் குவார்ட்டர்ஸில் இருந்தோம். எதிர்வீட்டுப் பெண்ணுக்கு முப்பதுகூட ஆகவில்லை. பிரசவத்துக்குத் தாய்வீடு போயிருந்தபோது மார்பில் ஒரு கட்டி. "பால் கட்டியிருக்கும், இந்த வயசுல வேற என்ன வரப்போகுது" என்று அந்த ஊர் டாக்டர் மாத்திரை கொடுத்தே காலத்தை ஓட்டிவிட்டார். புற்றுநோய் என்று சென்னையில் சொன்னபோது அக்குள் வரை பரவியிருந்தது. ஒரு பக்கத்தை எடுத்துவிட்டார்கள்.

வேறொருத்தியாக இருந்தால் கதவைச் சாத்திக்கொண்டு அழுதிருப்பாள். இவள் மனு எழுதினாள். ஆரம்ப சுகாதார நிலையங்களில் இளம்பெண்களுக்கு மார்பைத் தாங்களே சோதித்துப் பார்க்கக் கற்றுத்தர வேண்டும், கட்டி என்று வருகிறவளை வயதைக் காட்டித் திருப்பி அனுப்பக் கூடாது, இதற்கு ஒரு சட்டம் வேண்டும், அதை எம்.எல்.ஏ. சட்டசபையில் கேட்க வேண்டும். அவ்வளவுதான். கூட வர ஆள் வேண்டும் என்றாள். வாய் நீளமானவள் என்பதால் என்னைத் தேர்ந்தெடுத்தாள் போலிருக்கிறது.

செங்கல்பட்டுக்கு எத்தனை தடவை பஸ் ஏறினோம் என்று கேட்காதீர்கள். ஐயா குளிக்கிறார். ஐயா கோட்டைக்குப் போயிருக்கிறார். ஐயா இப்பதான் கிளம்பினார், எதிரே பார்க்கலையா? கீமோ எடுத்த உடம்போடு அவள் வழியெல்லாம் பிளாஸ்டிக் பையில் வாந்தி எடுத்துக்கொண்டு வருவாள். 

கடைசியில் உதவியாளர் ஒருநாள் மனுவை வாங்கிப் படித்தார். முதல் வரியிலேயே முகம் போன போக்கைப் பார்க்கணும். யாராவது பார்க்கிறார்களா என்று திரும்பிப் பார்த்துவிட்டு மடித்து நீட்டினார். "இன்னாம்மா இது, இப்டியா பச்சையா எழுதுவாங்க? லேடீஸ் நோயின்னு பொதுவா எழுதிக்கினு வா."

"பேரே சொல்லாத நோய்க்கு எப்படி சார் சட்டம் போடுவாங்க?" என்றாள் இவள். அவர் எங்களைக் கழற்றிவிட, ஞாயிற்றுக்கிழமை திருவிடந்தைக்குப் பக்கத்துக் குப்பத்தில் ஒரு விசேஷம், ஐயா நிச்சயம் வருவார், சால்வை போட்டுவிட்டு நேரில் பேசிக்கொள்ளுங்கள் என்றார்.

போனோம். விசேஷம் என்னவென்றால் மஞ்சள் நீராட்டு விழா. கட்சிக்காரர் ஒருவரின் மகள் பெரியவளாகிவிட்டாளாம். தெருமுனையில் பெரிய பேனர். அந்தப் பிள்ளை நகையும் பூவுமாக நிற்க, அவளைவிடப் பெரிதாக எம்.எல்.ஏ. கும்பிட்டபடி சிரிக்கிறார். ஸ்பீக்கர் சத்தம் கடல்வரைக்கும் கேட்டது. எம்.எல்.ஏ. மைக்கைப் பிடித்து, நம் வீட்டுக் குழந்தை பூப்படைந்த இந்த நன்னாளில் என்று ஆரம்பித்து ஊருக்கே அறிவித்தார். அந்தப் பிள்ளை தலையை நிமிர்த்தவே இல்லை.

பிறகு எங்கள் சால்வையை வாங்கிக்கொண்டார். விஷயத்தைக் கேட்டதும் குரல் இறங்கிவிட்டது. "நானும் அக்கா தங்கச்சியோட பொறந்தவன்தாம்மா. ஆனா சபையில எழுந்து இந்த வார்த்தைய எப்டி சொல்றது? சிரிப்பாங்க. கூச்சமா கீதில்ல?"

எனக்கு எங்கிருந்து வந்ததோ தெரியாது. ஒரு சின்னப்பெண் வயதுக்கு வந்ததை மைக் வைத்து ஊருக்குச் சொல்லக் கூச்சமில்லை, ஒரு தாய் சாகாமலிருக்க ஒரு வார்த்தை சொல்லக் கூச்சமா என்று கத்திவிட்டேன். என் குரலுக்கு மைக் தேவையில்லை. பந்தியில் உட்கார்ந்திருந்த பெண்கள் பிசைந்த சோற்றை அப்படியே விட்டுவிட்டுப் பார்த்தார்கள். இவள் மட்டும் நிதானமாக, தனக்கு என்ன வயது, எப்படி ஆரம்பித்தது, எதை எடுத்தார்கள் என்று அவரைப் பார்த்தே சொன்னாள். "செய்யலாம்மா, செய்யலாம்" என்றபடி அவர் காரில் ஏறிவிட்டார்.

மானம் போச்சு என்று நான் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தபோது யாரோ கையைப் பிடித்து இழுத்தார்கள். விழாப் பிள்ளையின் அம்மா. பட்டுப்புடவை, கழுத்து நிறைய மாலை. வீட்டுக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போய், "யக்கா, எனுக்கும் ஒண்ணு கீதுக்கா. வலிக்கல, அதான் யார்கிட்டயும் சொல்லல" என்றாள். 

எதிர்வீட்டுக்காரி அவளை உள்ளே கூட்டிப்போய்த் தொட்டுப் பார்த்தாள். நான் வாசலை மறித்து நின்று, போட்டோ எடுக்க வா என்று வந்தவர்களையெல்லாம் விரட்டினேன். வெளியே வந்தபோது இவள் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டேன். அந்த வாரமே சென்னைக்கு நாங்களே கூட்டிப்போனோம். அதேதான். ஆனால் சின்னதாக இருக்கும்போதே பிடித்துவிட்டார்கள்.

எம்.எல்.ஏ.வும் சொன்னபடி செய்தார். "மகளிர் கோரிக்கையை ஏற்று" என்று போஸ்டர் அடித்து இலவச முகாம் நடத்தினார். கண் பரிசோதனை முகாம்! போஸ்டரைப் பார்த்து இவள் இருமல் வரும்வரை சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை, அதைக் கிழித்துப்போட்டுவிட்டுத்தான் வீட்டுக்கு வந்தேன்.

அடுத்த வருடம் எதிர்வீட்டுக்காரி போய்விட்டாள். அந்தக் குப்பத்துப் பெண் பிழைத்து, மகளுக்குக் கல்யாணமும் செய்துவிட்டாள். பத்திரிகை கொடுக்க வந்தவள் எதிர்வீட்டுக்காரிக்கென்று இன்னொன்றையும் என் கையில் கொடுத்தாள். அவளுக்காக ஒருத்தி கூச்சத்தை விட்டுப் பேசியதுபோல் எங்கள் எதிர்வீட்டுப் பெண்ணுக்காகவும் யாராவது முன்னாலேயே பேசியிருக்கக் கூடாதா என்ற ஆத்திரம் எனக்கு இன்னும் ஆறவில்லை, ஆறவும் வேண்டாம்.