கிளேர் அக்கா ஏன் ரப்பரை மாற்றிக்கொண்டே இருந்தார்

செய்தி வந்தபோது காலாப்பட்டிலிருந்து திரும்பும் பேருந்தில் நின்றுகொண்டிருந்தேன். கூட்டத்தில் திரும்பக்கூட இடமில்லை. கைப்பேசியை முகத்துக்கு நேராகத் தூக்கிப் பார்த்தேன். "நம் கிளேர் மதாம் இன்று காலை இறைவனடி சேர்ந்தார்" என்று நமது டேபிள் டென்னிஸ் மன்றத்தின் வாட்ஸ்அப் குழுவில் செயலர் குணசேகரன் அண்ணன் போட்டிருந்தார். அதற்குக் கீழே உங்களில் ஒருவர், "அப்ப இனிமே மட்டை ரப்பர் பத்தி யார்கிட்ட கேக்கறது?" என்று எழுதியிருந்தார். யாரென்று சொல்லமாட்டேன், உங்களுக்கே தெரியும். முதலில் எரிச்சல்தான் வந்தது. பிறகு அக்கா இதைப் படித்திருந்தால் எப்படிச் சிரித்திருப்பார் என்று நினைத்ததும் அழுகை வந்துவிட்டது. முன்னால் நின்ற பெண்ணின் தோளில் முகம் படாமல் அழுவதற்குக்கூட அந்த வண்டியில் வழியில்லை.

அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். கிளேர் அக்கா பள்ளியில் பிரெஞ்சு ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் சொல்தாவாக, அதாவது சிப்பாயாக, இருந்தவர். கூடப்பிறந்த அண்ணன் பிரான்சிலேயே தங்கிவிட்டார். அக்கா மட்டும் இங்கே. நம் மன்றமோ உழவர்கரையில் கடைகளுக்கு மேலிருக்கும் ஒரே கூடம். காற்றில் பந்து திசைமாறும் என்று சன்னல்களை அடைத்து, மின்விசிறியையும் நிறுத்திவிட்டு ஆடுகிறோம். சித்திரையில் அதற்குள் போவது இட்லிப் பானைக்குள் போவதுதான். அங்கே பெண்கள் இரண்டே பேர் என்பதால் இரட்டையர் ஆட்டத்தில் அவரும் நானும் ஜோடி. அவரும் என்னைத் தேர்ந்தெடுக்கவில்லை, நானும் அவரைத் தேர்ந்தெடுக்கவில்லை.

மட்டையில் ஒட்டும் ரப்பரைப் பற்றி அவரைக் கேட்காமல் வாங்கியவர்கள் நம்மில் குறைவு. குணசேகரன் அண்ணன் ஒருமுறை அப்படி வாங்கினார். ஏதோ வீடியோவில் பார்த்து, பெரிய ஆட்டக்காரர்கள் போடும் அதிவேக ரப்பரை, அதன் அடியில் இருப்பதிலேயே தடித்த ஸ்பான்ஜோடு வரவழைத்து ஒட்டிக்கொண்டு வந்தார். அன்று அவர் அடித்த பந்துகள் மேசையைத் தவிர எல்லா இடத்திலும் விழுந்தன. அக்கா மட்டையை வாங்கி விரலால் அழுத்திப் பார்த்தார்.

"முசியே, இது அவங்க கைக்குப் பண்ணது. தினம் ஆறு மணி நேரம் ஆடற கை. நீங்க ஆபீஸ் முடிச்சிட்டு வந்து ஆடறீங்க."

"அப்ப வேகமே வேணாமா மதாம்?"

"மேசைல விழாத பந்து எவ்ளோ வேகமா போனா என்ன? ஸ்பான்ஜ் தடியா இருந்தா பந்து உங்கள கேக்காமயே ஓடிடும். மெல்லிசா இருந்தா சொன்ன பேச்சு கேக்கும்."

அவரிடம் போனால் உடனே ரப்பர் பெயரைச் சொல்லமாட்டார். முதலில் எதிரே நிற்கவைத்து, அடிக்கவிடாமல், பந்தை வெறுமனே தள்ளி ஆடச் சொல்வார். உங்கள் பந்து எங்கே விழுகிறது என்று பார்த்துக்கொண்டே இருப்பார். பிறகுதான் மிருதுவான ரப்பர், நடுத்தரமான பிடிப்பு, மெல்லிய ஸ்பான்ஜ் என்று கிட்டத்தட்ட எல்லோருக்கும் ஒன்றையே சொல்வார். அதற்கு எதற்கு இவ்வளவு பரீட்சை என்று நான் கேலி செய்திருக்கிறேன்.

அவர் மட்டும் வேகமான ரப்பர்தான் வைத்திருந்தார். அவருடைய கை அதை ஆளத் தெரிந்த கை. ஒருநாள் அதைப் பிய்த்துவிட்டு மெதுவான ஒன்றை ஒட்டிக்கொண்டு வந்தார். சில மாதங்களில் அதையும் மாற்றி இன்னும் மெல்லியது. கடைசியில் ஸ்பான்ஜே இல்லாத வெறும் ரப்பர். "மதாமுக்கு ரப்பர் பைத்தியம் முத்திடுச்சி" என்று நீங்கள் சிரித்தீர்கள். ஏனென்று கேட்டால் "கன்ட்ரோலுக்கு" என்பார். அது பொய்யில்லை.

இரண்டாவது முறை ரப்பர் மாற்றிய அன்று அவர் வீட்டுச் சமையலறையில் நானும் இருந்தேன். பசை தடவி, அதன் வெள்ளை நிறம் போகும்வரை காயவிட்டு, ரப்பரை வைத்து அழுத்தி, விளிம்பைக் கத்தரியால் வெட்டவேண்டும். கத்தரியை என்னிடம் நீட்டினார்.

"நீ வெட்டுடி ஜமீலா. எனக்கு கோணலா போவுது."

அப்போதுதான் பார்த்தேன். சமையல் மேடைமேல் சும்மா கிடந்த அவரது இடது கை, தன்பாட்டுக்கு ஆடிக்கொண்டிருந்தது. வலது கை விறைத்துக்கொண்டு வருகிறது, எல்லாமே ஒரு நொடி தாமதமாகப் போகிறது என்றார். மருத்துவர் பார்க்கின்சன் என்று சொல்லிவிட்டாராம். "மெதுவான ரப்பர்னா நான் லேட்டா போனாலும் மன்னிச்சிடும். வேகமானது மன்னிக்காது" என்றார். நான் விளிம்பை வெட்டத் தொடங்கினேன். அவர் தொடர்ந்தார்: "வேடிக்கை என்னன்னா, சும்மா இருந்தாத்தான் ஆடுது. பந்து வரும்போது ஆட மாட்டேங்குது. அதனாலதான் தினம் வரேன். அங்கதான் எனக்கு கொஞ்ச நேரம் கை என்னோடதா இருக்கு. யார்கிட்டயும் சொல்லாத."

சொல்லமாட்டேன் என்றேன். யோசிக்காமல் சொல்லிவிட்டேன்.

போன வருட மன்றப் போட்டியின் இரட்டையர் அரையிறுதி உங்களுக்கு நினைவிருக்கும். குணசேகரன் அண்ணன்தான் நடுவர். சர்வ் போடும்போது பந்து விரித்த உள்ளங்கையில் அசையாமல் நிற்கவேண்டும் என்பது விதி. மட்டைக்கு ரப்பர் மாற்றலாம். உள்ளங்கைக்கு எதை மாற்றுவது? அக்கா இடது கையை நீட்டினார். சும்மா நின்றதும் அது ஆடத் தொடங்கியது. பந்து உருண்டு தரையில் விழுந்தது. எடுத்துக் கொடுத்தேன். மறுபடி பந்து நிற்கவில்லை. விரல்களை மடக்கிப் பிடித்துக்கொண்டு போட்டார்.

"மதாம், பந்து கைல நிக்கணும். இந்த வாட்டி விட்டுட்டேன்" என்றார் அண்ணன். அடுத்த முறை எதிரணிக்குப் புள்ளி. அதற்கடுத்ததும் அவர்களுக்கே. விதியின்படி அண்ணன் செய்தது சரி; அவர்மேல் எனக்குக் கோபம் கிடையாது.

ஆனால் உடல் குறையால் அப்படிச் செய்ய முடியாதவர்களுக்கு நடுவர் விலக்கு தரலாம் என்றும் விதி இருக்கிறது. அது எனக்குத் தெரியும், அக்காவுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். ஒரே ஒரு வாக்கியம் சொன்னால் போதும். நான் வாயைத் திறந்தேன்.

"பேசாம ஆடு" என்றார், என்னைத் திரும்பிப் பார்க்காமலே.

அடைத்த சன்னல், நின்ற மின்விசிறி, கூடம் நிறைய நீங்கள். அவர் சர்வ் முறை வரும்போதெல்லாம் புள்ளிகள் போய்க்கொண்டே இருந்தன, நான் வாக்குக் கொடுத்த வாயை மூடிக்கொண்டு நின்றேன். தோற்றோம். கைகுலுக்கிவிட்டு வரும்போது பின்னாலிருந்து ஒரு குரல், "மத்தியானமே ஊத்திக்கிட்டு வந்துட்டாங்க போலருக்கு" என்றது. நம் ஊரில் கை நடுங்கினால் வேறென்ன காரணம் தோன்றும்?

வழியெல்லாம் நான் ஸ்கூட்டரில் கத்திக்கொண்டே வந்தேன். "குடிகாரின்னு சொல்றாங்கக்கா! அதுக்கு உண்மைய சொல்லிட்டுப் போயிடலாமே!"

தன் வீட்டு வாசலில் அக்கா என் தோளைப் பிடித்து மெதுவாக இறங்கினார்.

"குடிக்கிறேன்னு நெனச்சா என்னைத் தோக்கடிக்கப் பாப்பாங்க. வியாதின்னு தெரிஞ்சா எனக்கு மெதுவா பந்து போடுவாங்க. அத என்னால தாங்க முடியாதுடி."

வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டேன். அதன்பிறகும் பல மாதம் அவர் வந்தார், நீங்களும் தயவில்லாமல் அடித்தீர்கள். அவருக்காக உங்களுக்கு நன்றி சொல்கிறேன். நான்தான் ஒவ்வொரு மாலையும் அந்தக் கூடத்தில் மாட்டிக்கொண்டு நின்றேன். சொன்னால் அவர் ஆட்டம் போய்விடும், சொல்லாவிட்டால் அவர் பெயர் கெடும்.

பிறகு படியேற முடியாமல் போனது. அக்காவின் அண்ணன் பிரான்சிலிருந்து வந்து கூட இருந்தார். கடைசியாகப் பார்த்தபோது அக்கா கட்டிலில் இருந்தார். முகம் அசைவதை விட்டிருந்தது. சிரிக்கிறாரா, கோபமா என்று தெரியவில்லை. குனிந்து காதை வாயருகே வைத்தால்தான் பேச்சு கேட்டது.

"நான் போனப்புறம் எல்லாருக்கும் சொல்லிடு. அப்ப யாரும் எனக்கு மெதுவா பந்து போட முடியாதுல்ல?"

ஆகவே சொல்லிவிட்டேன். கிளேர் அக்கா குடிக்கவில்லை. அவருக்கு ரப்பர் பைத்தியமும் இல்லை. கையைவிட்டுப் போய்க்கொண்டிருந்த ஒன்றை, ஒவ்வொரு ரப்பராக மாற்றி இன்னும் கொஞ்ச நாள் பிடித்து வைத்துக்கொண்டார்.

இத்தனை நாள் இந்த ரகசியத்தை எப்போது இறக்கிவைப்பேன் என்றுதான் தவித்தேன். இப்போது பார்த்தால் அவருடையது என்று என்னிடம் வேறொன்றும் இல்லை. மட்டையை அவரோடு வைத்துப் புதைத்துவிட்டார்கள். சேர்ந்து எடுத்த படங்கள் உங்கள் எல்லோரிடமும் இருக்கின்றன. எனக்கு மட்டும் என்று அவர் தந்தது இந்த ரகசியம் ஒன்றுதான், உங்களுக்கு எழுதும் இந்தப் பக்கத்தை முடித்ததும் இதுவும் எல்லோருடையதாகிவிடும். அதனால்தான் முடிக்க மனம் வராமல் உட்கார்ந்திருக்கிறேன்.